வெளிச்சம் பார்க்க ஒரு முகம்

கொகுரா
செப்டம்பர் 28

அன்புள்ள வீட்டுக்காரருக்கு மினெகோ எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம், அடுப்படிக் குழாயைத் தவிர. நீங்கள் கோதோ தீவுக்குப் படகு ஏறிய மறுநாள் சொட்ட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. ரயில் பாதை ஓரத்துச் சிவப்பு லில்லி பூத்து, வாடவும் தொடங்கிவிட்டது. கடல் காற்றில் உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? வலிப் பிளாஸ்திரி பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். எடுத்து ஒட்டிக்கொள்ளப் போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஸ்டுடியோவை நான் ஒருத்தியாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நவம்பர் விழாவுக்குக் கோயிலுக்குப் போகும் மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைப் படமெடுக்க இப்போதே பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மாமியா கேமராவை நகர்த்த எனக்கு இடுப்பில் வலுவில்லை. முக்காலியோடு ஒரே இடத்தில் நட்டுவிட்டேன், வருகிறவர்களைத்தான் நகர்த்துகிறேன். அரிசிக் கடைக்காரர் மனைவி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மச்சம் எனக்கு எப்ப வந்துச்சு?" என்று என்னையே கேட்டார். "லென்ஸுக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லைங்க, அது எல்லார்கிட்டயும் இப்படித்தான்" என்றேன். பிறகு ஓட்டைத் தகடு போட்ட, முகத்தை மெழுகிக் காட்டும் அந்த மங்கல் லென்ஸை மாட்டி இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் இருபது வயது குறைந்துவிட்டது. அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனால், கணவர் "யாரு இது?" என்று கேட்டாராம்.

மங்கல் லென்ஸ் என்றதும் யாசுஜி ஞாபகம் வருகிறது. என் தம்பிக்கு வந்த ஐந்தாவது சம்பந்தமும் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பெண்ணின் படம் வேறு எங்கோ மங்கல் லென்ஸில் எடுத்தது. பார்க்கப் போன இடத்தில், ஹோட்டல் வாசலிலேயே நின்றிருந்த பெண்ணைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், முக்கால் மணி நேரம் வேறு யாருக்காகவோ காத்திருந்திருக்கிறான். பெண் அழுதுகொண்டு போய்விட்டாள். "எல்லாப் படமும் தோல் சீவுன வெள்ளரிக்கா மாதிரி இருக்கு, நான் என்னக்கா பண்றது?" என்கிறான். முப்பத்தொன்பது வயது, ட்ராம் ஓட்டுகிறான், நிறுத்தத்தில் ஏறுகிற அத்தனை முகத்தையும் ஞாபகம் வைத்திருக்கிறான், கட்டிக்கப் போகிறவளை அடையாளம் தெரியவில்லை. இனிமேல் நான் ஒரு சம்பந்தம் பேசினாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். தவிட்டில் வேகவைத்த மத்தியை விட்டுவிட்டு இருப்பானா, பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். நீங்கள் இருந்தால் வெளிச்சம் சரிபார்க்க என்னை நாற்காலியில் உட்காரவைத்து போலராய்டில் ஒன்று தட்டுவீர்கள். பிறகு "எழுந்திரு" என்பீர்கள். இப்போது கேமராவுக்குப் பின்னாலும் நானே, முன்னால் யாரை உட்காரவைப்பது? அரிசி மூட்டையை நாற்காலியில் வைத்து, மேலே உங்கள் தொப்பியை மாட்டி வெளிச்சம் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. பதினெட்டு வருடமாக நான் செய்துவந்த வேலையை ஒரு மூட்டை அசையாமல் செய்துவிட்டது.

இப்போது ஃபிலிமுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய எட்டு ரோலும் வந்தன. எல்லாவற்றையும் கழுவி, சின்னச் சின்னப் படமாகக் காண்டாக்ட் தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன். துறைமுகப் புத்தகத்துக்காக ஹாசல்பிளாடில் எடுத்த ஏழு ரோலும் அருமை. படகுக் கயிற்றின் இழையை எண்ணலாம். கிழவர்களின் கழுத்துச் சுருக்கத்தில் உப்பு தெரிகிறது. அந்த லென்ஸுக்கு இரக்கம் என்பது கிடையாது, கணக்குப் பரீட்சை திருத்துகிறவரைப் போல எல்லாருக்கும் ஒரே நீதி. தண்ணீரில் மினுங்கும் வெளிச்சம்கூட அதில் ஐந்து மூலையோடு கட்டம் கட்டமாக நிற்கிறது. பதிப்பகத்தில் சந்தோஷப்படுவார்கள்.

எட்டாவது ரோல் மட்டும் பென்டாக்ஸ் கேமராவில் எடுத்தது. அந்த மஞ்சள் பிடித்த பழைய லென்ஸில். அதைப் பெட்டியில் வைத்தீர்கள் என்றே எனக்குத் தெரியாது. பத்துப் படம், பத்திலும் ஒரே பெண். யார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கோலா மீன் சுடுகிற கொட்டகை பின்னால் தெரிகிறது, வெளிச்சப் பொட்டெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரைந்திருக்கிறது. முதல் படத்தில் திடுக்கிட்டிருக்கிறாள். அந்த ஷட்டர் கதவைச் சாத்துகிற மாதிரி விழுகிறதே, அதனால். இரண்டாவதிலிருந்து சிரிக்கிறாள்.

கண் இமை கூர்மையாக இருக்கிறது, காது மங்கிக் கரைந்து இல்லவே இல்லை. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறீர்கள். முகம் இவ்வளவு நிறைந்து வர வேண்டுமானால் மூன்றடியில் நிற்க வேண்டும். அதற்கு மேல் கிட்டே போக அந்த லென்ஸால் முடியாது. போக முடிந்தவரை போயிருக்கிறீர்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ஒரு மீன்காரியாக இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புப் புகை நெஞ்சுக்கு ஆகாது, அதற்கு மூன்றடி போதாது, ஆறடி தள்ளியே நில்லுங்கள்.

உங்கள்
மினெகோ


கொகுரா
அக்டோபர் 9

தட்சுரோ அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

உங்கள் கடிதமும், நான்கு ரோலும், காய்ந்த கோலா மீன் கட்டும் வந்தன. ஒரு மாதத்தில் எனக்கு வந்த கடிதம் பத்து வரி. அதில் எட்டு வரி கினுவைப் பற்றி. கினு! இப்போதாவது பெயர் தெரிந்தது. மீன் கினு சுட்டது. உங்களுக்குக் காலைக் கஞ்சி கினுவின் சித்தி வீட்டில். "கினுவின் படத்தை நல்லா பார்த்து பிரிண்ட் போடு. மஞ்சள் லென்ஸில் எடுத்ததில் எது உனக்கு மிக அழகாகப் படுகிறதோ அதைப் போட்டு, கீழே இருக்கும் முகவரிக்கு அவளுக்கே அனுப்பு. ஏன் எதற்கு என்று கேட்காதே, வந்து சொல்கிறேன்." இதை எழுதக் கை கூசவில்லையா? எது எனக்கு மிக அழகாகப் படுகிறதோ! அவளுடைய அழகை நான் தேர்ந்தெடுத்து, நான் கழுவி, நான் உலர்த்தி, நான் தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும்.

மீனைக் கொதிக்கவைத்து ரசம் வைத்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். உங்கள் புகையை நான் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே உட்கார்ந்து பார்த்தேன். புது ரோலில் இரண்டு பென்டாக்ஸ். கழுவின முகம், வெள்ளைச் சட்டை, தலையை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். ஐந்தாவது படத்தில் ஒரு முடிக்கற்றை கன்னத்தில் கிடக்கிறது. ஆறாவதில் இல்லை. யார் ஒதுக்கிவிட்டது? அவள் இரண்டு கையும் மடியில் இருக்கிறதே! மூன்றடியில் இருந்துகொண்டு யாருடைய கை நீண்டது?

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். மற்ற எந்தப் பெண்டாட்டிக்கும் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியும். வெயிலில் மீன் சுட்டு அவள் முகம் கருத்துப்போயிருக்கிறது, அதை ஹாசல்பிளாடில் நீங்கள் எடுத்த ஒரு சதுரப் படத்தில் பார்த்துவிட்டேன். பென்டாக்ஸில் அவளே பால் மாதிரி இருக்கிறாள். கண்ணாடியில் மஞ்சள் ஏறியிருந்தால் கருப்பு வெள்ளை ஃபிலிமில் தோல் ஒரு படி வெளுத்து வரும், வெயில் புள்ளிகள் மறையும். "லென்ஸை ஜன்னலில் வெயில் படும்படி வையுங்கள், மஞ்சள் இறங்கிவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று நான் எத்தனை தடவை சொன்னேன். "இருக்கட்டும், அது ஒரு அழகு" என்பீர்கள். யாருக்காக இருக்கட்டும் என்றீர்கள் என்று இப்போது விளங்குகிறது.

அந்த லென்ஸ் நம் வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பதினோரு வருடம் ஆகிறது. பெட்டியைப் பிரித்த கையோடு என்னைக் கொல்லைப்புறத் துணிக்கொடியருகே நிறுத்தி ஒரு ரோல் எடுத்தீர்கள். நான் கையில் ஈரத்துணியோடு நின்றேன். நானும் முதல் படத்தில் திடுக்கிட்டேன், நானும் இரண்டாவதிலிருந்து சிரித்தேன். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த லென்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்ததெல்லாம் போலராய்ட். இடது கன்னத்தில் நிழல் அதிகமா, பின்திரை கருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போடுவீர்கள். ஆயிரம் தடவை என்னைப் படமெடுத்திருக்கிறீர்கள். ஒரு தடவையும் என்னைப் பார்க்க எடுக்கவில்லை.

ஆகவே நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வழக்கம் எனக்கில்லை. பென்டாக்ஸ் நெகடிவை எடுத்துக் கத்தரியைத் திறந்தேன். கை வரவில்லை. அடுத்தவர் எடுத்த நெகடிவை வெட்டினால் அந்தக் கை விளங்காது. அப்படியே உறையில் போட்டு, குளிர்காலப் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டேன். பதிலுக்கு அந்தச் சதுரப் படத்தை எடுத்தேன். ஹாசல்பிளாட், உச்சி வெயில், அடுப்புக்கு முன்னால் குனிந்தபடி புகைக்குக் கண்ணைச் சுருக்குகிறாள், முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, மூக்கில் வியர்வை, முன்கையில் தீக்காயத் தழும்பு. அதை இருப்பதிலேயே கடினமான பேப்பரில், கருப்பு கருப்பாக, வெள்ளை வெள்ளையாகப் போட்டேன். ஒரு சுருக்கம் தப்பவில்லை. முதல் பிரிண்ட் சற்று வெளிறிவிட்டது, இரண்டாவது கச்சிதம். "என் கணவரின் வேண்டுகோளின்படி அனுப்பியிருக்கிறேன்" என்று மரியாதையாக நாலு வரி எழுதி உங்கள் கினுவுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். தன் முகம் தனக்குத் தெரியட்டும்.

வெளிறின முதல் பிரிண்டைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை யாசுஜி வந்திருந்தான், ஊறுகாயைச் சுற்றிக்கொண்டு போயிருப்பான்.

புத்தக வேலை முடிய இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்கப் போவதில்லை. முடியாமலே இருந்தாலும் பரவாயில்லை. வருவதானால் மட்டும் எந்தப் படகு என்று ஒரு வரி எழுதுங்கள், குழாய்க்காரரை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு
உங்கள் இருட்டறை ஆள்


கொகுரா
அக்டோபர் 24

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

தலை குனிந்து எழுதுகிறேன். நேரில் என்றால் பாயில் நெற்றி பட வணங்கியிருப்பேன். இந்தக் கடிதத்தை முதலில் ஒரு தடவை கோபமில்லாமல் படித்துவிடுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள் பதில் பதினாறாம் தேதி வந்தது. நின்றபடியே பிரித்தேன், படித்ததும் அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "உன் தம்பிக்காகத்தானடி!" என்ற அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கினுவைப் பார்த்த மூன்றாம் நாளே உங்களுக்கு யாசுஜியின் நினைவு வந்துவிட்டதாம். சித்தியிடம் பேசினீர்களாம், கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள், முப்பத்தாறு வயது, சம்மதிக்கவைக்க இரண்டு வாரம் பிடித்ததாம். படம் கைக்கு வந்ததும் தன் விவரத்தாளோடு சேர்த்து நம் கல்யாணத் தரகு மாமி ஹமாசாகிக்கு அனுப்புவதாக இருந்தாளாம். என்னிடம் சொன்னால் அன்று சாயங்காலமே ட்ராம் டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும், யாசுஜி ஓடிவிடுவான் என்று மறைத்தீர்களாம். கன்னத்து முடியை ஒதுக்கியது சித்தியின் கையாம்.

என் வாயைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு ஒரு லட்சணம் உண்டே. கிமோனோ இல்லை, நாற்காலி இல்லை, மடியில் விசிறி இல்லை, வெறும் முகம். பதினெட்டு வருடமாகக் கல்யாணப் பெண்களின் படத்துக்கு மடிப்புச் சரிசெய்கிற எனக்கே அது தோன்றவில்லை. "கிமோனோ போட்டா எனக்கு மூச்சு முட்டும், இப்படியே எடுத்தா எடுங்க, இல்லன்னா மீன் கருகுது" என்று அவள்தான் சொன்னாள் என்று முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? சரி, உங்கள் மேல் பழி போடவில்லை. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு, அது நான்தான்.

என் படத்தைப் பார்த்துவிட்டு அவள் என்ன செய்தாள் என்று நீங்கள் எழுதியதுதான் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. கத்தவில்லையாம், யாரையும் திட்டவில்லையாம். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்த மூஞ்சிய எடுத்துக்கிட்டு நான் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது?" என்றாளாம். எழுதிவைத்த விவரத்தாளை மீன் அடுப்பிலேயே போட்டுவிட்டாளாம். நான் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன். அவளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அதற்கேற்ற பேப்பரைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒரு பெண்ணின் வாழ்வும் என் தம்பியின் வாழ்வும் என் டெவலப்பர் தட்டில் போயிற்று என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் யாசுஜியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் அறைக்குப் போனேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், அந்த வெளிறின பிரிண்ட்! ஊறுகாய் சுற்றிப் போகவில்லை, நாலு மூலையிலும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறான். நான் பார்த்ததைப் பார்த்ததும் காது வரை சிவந்துபோனான். "சும்மா குப்பையில கிடந்துச்சுக்கா, அதான்..." என்றான். குப்பையில் இல்லை, மேசையில்தான் வைத்திருந்தேன். அது போகட்டும்.

இதில் என்னடா இருக்கிறது, இப்படி ஒட்டிவைக்க என்று கேட்டேன். நம் யாசுஜி ஒரே மூச்சில் நாலு வாக்கியத்துக்கு மேல் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அன்றைக்குப் பேசினான். "அந்தம்மா புகைக்குக் கண்ணச் சுருக்குறாங்க பாருக்கா. ஆனா கை மீனத் திருப்பிக்கிட்டேதான் இருக்கு, விடல. பல்லுக்கு நடுவுல சந்து இருக்கு, அத மறைக்கணும்னு நினைப்பே இல்ல. நான் பார்த்த அஞ்சு படத்துலயும் ஒருத்தராவது இப்படி எதையாவது பார்த்துக்கிட்டு இருந்தாங்களா? எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. இவங்கள ஸ்டேஷன்ல ஆயிரம் பேருக்கு நடுவுல விட்டாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பெயர், ஊர், சித்தி, நான் செய்த பாவம், ஒன்று விடாமல். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, "கோதோவுக்குப் படகு எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கு ட்ராமை ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் நிறுத்தினானாம், பயணிகள் சிரித்தார்களாம்.

அவன் கினுவுக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தான், நான் படிக்கவில்லை. என் வாயை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள். அவன் சுவரில் இருந்த படத்தின் பின்பக்கம் ஏதோ ஒரு வரி எழுதி அதையும் கொடுத்து அனுப்பச் சொன்னான், அவள் இங்கே வரும்போது மறக்காமல் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம். அதையும் அவள் கையிலேயே கொடுங்கள்.

போர்வைக்கு அடியிலிருந்து பென்டாக்ஸ் நெகடிவை எடுத்து, இரண்டு நாள் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டு, மனசார ஒரு பிரிண்ட் போட்டேன். ஆறாவது படம். மென்மையான பேப்பர், இமைக்குக் கீழே கையால் மறைத்து மறைத்து வெளிச்சம் கொடுத்தேன். நம் கல்யாணப் படத்துக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. யாசுஜியிடம் காட்டியபோது, "இதுவும் நல்லாத்தான் இருக்கு. இதப் பார்த்தா பயமா இருக்கு, அதப் பார்த்தா பேசலாம்னு தோணுது" என்றான். அவனை விடுங்கள். இந்தப் படம் கினுவுக்கு. தன் முகம் இப்படியும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டவள் நான். படம் போட்டவள்தான் கெட்டவள், படம் கெட்டதில்லை என்று சொல்லுங்கள். தைரியமிருந்தால் அவள் இங்கே வந்து என்னைத் திட்டட்டும். மத்தி வேகவைத்து வைக்கிறேன்.

இனி நம் விஷயம்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். எல்லாத் தப்பும் என் பேரில் இருக்கும்போது இதைப் பேசலாமா என்று நாலு நாள் யோசித்தேன். பேசாவிட்டால் அடுத்த பதினெட்டு வருடமும் பேச மாட்டேன். "அந்த லென்ஸ் ஒருத்தரை அடுத்தவங்களுக்கு அழகா காட்டறதுக்கு. உன்னை நான் யாருக்குடி காட்டணும்?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அன்பாகத்தான் எழுதினீர்கள். படித்ததும் எனக்கும் முதலில் இனித்தது. பிறகு முகம் கழுவப் போனேன், கண்ணாடியில் பார்த்தேன், இனிப்புப் போய்விட்டது.

எனக்குக் காட்டுங்கள். ஊரில் வெயிலில் மீன் சுடுகிறவளுக்கு அவள் முகத்தை நீங்கள் காட்டினீர்கள். எனக்கு ஏன் காட்டக் கூடாது? எனக்கு நாற்பத்து மூன்று வயது. என்னிடம் இருப்பது ஈரத்துணியோடு நிற்கும் பத்துப் படம், அதுவும் பதினோரு வருடம் பழசு. அதற்குப் பிறகு நான் எப்படி ஆனேன் என்று பார்க்க ஒரு படம் கிடையாது. கினு மேல் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது. தம்பி பெண்டாட்டியாக வந்தாலும் இருக்கும் போலத்தான் தோன்றுகிறது. நீங்கள் அவளைப் பார்த்த மூன்றடிதான் அதற்குக் காரணம்.

மஞ்சளை வெயிலில் இறக்க வேண்டாம். இத்தனை நாள் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். எனக்கும் ஒரு படி வெளுத்து வரட்டும், ஒரு மச்சமாவது மறையட்டும். இல்லை, ஹாசல்பிளாடில்தான் எடுப்பேன் என்றால் அதிலும் எடுங்கள். இருக்கிறபடியே வரட்டும், யாசுஜி மாதிரி யாருக்காவது பிடித்தாலும் பிடிக்கும். எதில் எடுப்பது என்று நான் கேட்க மாட்டேன்.

நவம்பர் முதல் வாரப் படகில் வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். காற்று பலமாக இருந்தால் அவசரப்படாமல் அடுத்த படகில் வாருங்கள். முட்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாருங்கள். துறைக்கு நானும் யாசுஜியும் வருகிறோம், அவன் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் நிற்பான், நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு, ஸ்டுடியோவைத் திறந்து வைக்கிறேன். நாற்காலியில் அரிசி மூட்டை தொப்பியோடு அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தை அதில் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனை போலராய்ட் வேண்டுமானாலும் தட்டுங்கள். எல்லாம் சரியான பிறகு மூட்டையை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

முதல் படத்தில் நான் திடுக்கிடுவேன். அதைக் குப்பையில் போடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்
மினெகோ